கடைசி அடியில் என் பெயர்

திருச்சிக்கு வந்து சேர்ந்த நாலாம் நாள், பாலக்கரையில் அடுத்த வீட்டுக்காரர் குடையும் கையுமாகப் படியிறங்கினார். மரியாதைக்கு ஒரு வார்த்தை பேசுவோமே என்று "எங்க போறீங்க?" என்று கேட்டேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே போய் உட்கார்ந்து, பத்து நிமிஷம் கழித்து மறுபடி புறப்பட்டார். "போற காரியம் விளங்கினாப்பலதான்" என்று அவர் தன் மனைவியிடம் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. ரங்கூன்காரர்களே, உங்களுக்குத் தெரியும். அங்கே எதிரே வருகிற பர்மியர் முதலில் கேட்பதே "எங்கே போகிறாய்?" என்றுதான். அது கேள்வியே அல்ல, நம் சலாம் மாதிரி. "சும்மா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவரவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்போம். இங்கே அதே வார்த்தை அபசகுனம். "தூரமா?" என்று கேட்க வேண்டுமாம். பிறந்தது முதல் தமிழ் பேசுகிறவனுக்குத் தமிழ் ஊரில் வாயைத் திறக்கத் தெரியவில்லை. இது என் அத்தா பிறந்த ஊர், நான் பிறந்த ஊர் இல்லை என்பது அன்றைக்குத்தான் சரியாக உறைத்தது.

என் பெயர் இப்ராஹிம். ரங்கூன் துறைமுகத்தில் ஓர் அரிசிக் கிடங்கில் பதினாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். என் தம்பி தாவூதும் அதே கிடங்கில்தான் வேலை பார்த்தான். திருச்சிக்கு வந்து ஹலீமாவை நிக்காஹ் செய்து, மூன்று மாதம் அவளோடு இருந்துவிட்டு, சம்பாதித்து வருகிறேன் என்று சொல்லித் திரும்பிக் கப்பலேறியவன். அதற்குள் சண்டை வந்து ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் நடந்தோம். புரோம் நகரைத் தாண்டி அரக்கான் மலை ஏறி, கடற்கரைக்கு இறங்கி, படகு பிடித்து, ரயில் பிடித்து. அந்த நடையை நடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடக்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது என்று நினைத்துச் சொல்லாமலே இருந்தேன். மலையில் தாவூது வாந்திபேதியில் இறந்துபோனான். நான் பக்கத்தில் இருந்தேன். திருச்சி ஜங்ஷனுக்கு என்னை அழைக்க வந்த அவனுடைய மாமனார், என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "தாவூது எங்க தம்பி?" என்றார். "கூட்டத்துல தவறிட்டான் மாமு. பின்னால வர்றவங்களோட வந்துடுவான்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் தானாகச் சொல்லிற்று. சொன்ன பிறகு திரும்ப எடுக்கத் தைரியம் வரவில்லை.

அந்த ஒரு வார்த்தையால் கெட்டவள் ஹலீமா. புருஷன் இறந்தால் எங்களில் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு ஒதுங்கி இத்தா இருந்து எழுந்திருப்பார்கள். அதற்குப் பிறகு மறுபடி நிக்காஹ் செய்துகொள்ளலாம், செய்துகொள்ளாமலும் இருக்கலாம், அது அவள் இஷ்டம். காணாமல் போனவன் பெண்டாட்டிக்கு அந்தக் கதவு கிடையாது. காத்திருக்க வேண்டியதுதான். இருபத்தோரு வயசுப் பெண் கழுத்தில் கருகமணியோடு காத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்மா தோறும் தாவூதின் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துக் கொல்லையில் கொடியில் போடுவாள். நானும் மாமுவின் வீட்டில்தான் இருந்தேன், அவர்கள் போட்ட சோற்றைத்தான் சாப்பிட்டேன். கை கழுவப் போகும்போது அந்தச் சட்டைகளுக்கு அடியில் குனிந்து போக வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றாது. ஈரத் துணி முகத்தில் பட்டது என்று மட்டும் தோன்றும். பசி எடுத்தது, தூக்கம் வந்தது, அழுகை மட்டும் வரவே இல்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தடவிப் பார்ப்பது போல அடிக்கடி உள்ளே தடவிப் பார்ப்பேன், மரத்துப்போய்க் கிடக்கும்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பொன்மலை ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்த ஒருவர், முதல் மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர், ஹலீமாவைக் கேட்டு ஆள் அனுப்பினார். மாமு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கலந்து பேசினார். "மௌத்தானதை, உசுரு போனதைக் கண்ணால பாத்த ஆளு ஒருத்தர் எழுதிக் குடுக்கட்டும். ஜமாஅத்துல படிச்சுப் பதிஞ்சுக்கலாம்" என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார். மாமு வீட்டுக்கு வந்து என்னிடம், "ஏன் தம்பி, அந்த வழியா வந்தவங்க யாராச்சும் பாத்திருப்பாங்களா? கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்களேன்" என்றார். "விசாரிக்கிறேன் மாமு" என்றேன். அயோக்கியத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? மறுநாள் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். 'மேற்படி தாவூது என்பவர் மேற்படி மலைவழியில் நோய்வாய்ப்பட்டு, தக்க சிகிச்சை அளிக்கப்படாமையால் காலமானார் என்று இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.' பதினாறு வருஷம் கிடங்கில் எழுதிய கை. நனைந்த அரிசி மூட்டைக்கும் உடன்பிறந்தவனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. யார் பார்த்தது, யார் சிகிச்சை அளிக்காதது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. இருந்தால் அடுத்த கேள்வி வரும் அல்லவா? கிழித்துப் போட்டேன். ஐந்தாறு தரம் எழுதி ஐந்தாறு தரம் கிழித்தேன். அதே வாசகத்தில் கடைசியாக எழுதியதை மட்டும் கிழிக்காமல் மடித்துப் பையில் வைத்தேன்.

அப்போது எனக்குச் சின்னக்கடை வீதிப் பக்கம் ஓர் அச்சாபீஸில் புரூப் திருத்துகிற வேலை. முதலாளி ஒரு நாயுடு. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பேசும்படப் பாட்டுப் புத்தகம் எல்லாம் அடிப்பார். ஆனால் ஆபீஸ் ஓடியது சிந்துகளால். சிந்து என்றால் தெரிந்திருக்கும். எங்கேயாவது கொலை நடந்தால், ரயில் கவிழ்ந்தால், வெள்ளம் வந்தால், பத்தே நாளில் எட்டுப் பக்கத்தில் பாட்டாக வந்துவிடும். பாடகன் ஒருவன் ரயிலிலும் சந்தையிலும் பாடிப் பாடி விற்பான். எனக்கு அதெல்லாம் இளப்பமாக இருந்தது. பேசும்படப் பாட்டிலாவது நிலவும் குயிலும் வருகின்றன, இதில் வெட்டரிவாளும் பிணமும்தானே என்று நினைத்தேன். அந்த வருஷம் கொள்ளிடத்தில் ஒரு பரிசல் கவிழ்ந்தது. அதைப் பற்றிய சிந்து என் மேஜைக்கு வந்தது. கிடங்கில் கடிதம் சுருக்கிய பழக்கத்தில், தேவையில்லாத அடி என்று தோன்றியதை அடித்துவிட்டேன். அடித்தது இதுதான்:

முந்தியிலே முடிஞ்சுவச்ச மூணுமுழப் பூவு – அது
மூழ்கியெழுந்து மிதக்குதம்மா, மூடலையே கண்ணு.

மறுநாள் அந்தச் சிந்து எழுதியவர் ஸ்ரீரங்கத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். வரதாச்சாரி என்று பெயர். என் வயசுதான் இருக்கும். நெற்றி நிறையத் திருமண், தோளில் ஒரு துணிப்பை. "யார் ஸ்வாமி இதுல கோடு இழுத்தது?" என்றார். நாயுடு என்னைக் காட்டினார். "பாய், அந்த ஒரு அடிக்காக அடியேன் ரெண்டு நாள் ஓடத்துறையில போய் உக்காந்துண்டு ஒவ்வொருத்தரா விசாரிச்சேன். பூவை எடுத்துட்டீர்னா அங்க என்னதான் மிச்சம்? வெறும் ஜலம்."

"பரிசல் கவுந்துச்சு, இத்தனை பேர் செத்துட்டாங்கன்னு சொன்னா போதாதா சாமி?"

"அதை எழுதறதுக்குத் தாலுகா ஆபீஸ்ல சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்கான். அடியேன் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, தன் கையாலேயே என் கோட்டைச் சுரண்டி அழித்தார். எனக்குக் கோபம் வந்தது. இந்த ஊரில் வந்தவன் போனவனெல்லாம் எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதா என்றிருந்தது. ஆனால் சில வாரம் கழித்து, நாயுடு வேலையாக நான் லால்குடி போகிற ரயிலில் அந்தச் சிந்தைப் பாடகன் பாடக் கேட்டேன். எதிரே புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அந்தப் பூ அடி வந்ததும் கையை அப்படியே நிறுத்தி, "அடிப் பாவி மகளே, பிள்ளைக்குத்தானே வாங்கியிருப்பே" என்று ஓவென்று அழுதாள். செத்துப்போனவள் யாரோ, இவள் யாரோ. நான் சொந்தத் தம்பிக்கு ஒரு சொட்டு விடாதவன், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையாக இருந்தது.

அன்று முதல் பழைய சிந்துகளையெல்லாம் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தேன். ரசித்தேன் என்று நினைக்க வேண்டாம். கிடங்குக்கு வந்த மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்ப்பது போல ஒவ்வொரு பாட்டையும் குத்திப் பார்த்தேன். எதிலும் துக்கம் என்ற வார்த்தை முதலில் வருவதில்லை. என்ன கிழமை, எந்தத் துறை, யார் யார் ஏறினார்கள், கையில் என்ன வைத்திருந்தார்கள் என்றுதான் தொடங்குகிறது. அப்புறம் பல்லவி. ஒரே அடிதான் திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் ஒவ்வொரு தரமும் அது கொஞ்சம் கனத்துக்கொண்டே போகிறது. மனுஷன் மனசும் அப்படித்தான் ஒரே இடத்தில் போய்ப் போய் முட்டுகிறது என்று எவனோ கண்டுபிடித்து வைத்திருக்கிறான். இன்னொன்றும் கவனித்தேன். எந்தச் சிந்தும் காற்றைப் பார்த்துப் பேசுவதில்லை. 'கேளுமம்மா' என்று யாரையாவது கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டுதான் சொல்கிறது. நானோ ஜமாஅத்தார் சமூகத்துக்கு என்று எழுதிக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியவள் வீட்டில் கோஷாத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

அதே சமயத்தில் காவிரி வெள்ளம் வடிந்து பாலக்கரையில் வாந்திபேதி பரவியது. ஊசி போட வந்த கம்பவுண்டர் தெரு நடுவில் நின்று சத்தம் போட்டார். "தண்ணி குடுக்காம மட்டும் வச்சிடாதீங்கம்மா! உடம்புல இருக்கிற தண்ணி பூராத்தானே வெளியே போவுது? கொதிக்க வச்சு ஆறவச்சு, கேக்கக் கேக்கக் குடுங்க. தண்ணி இல்லாமத்தான் ஆளு போயிடுது." நான் அச்சாபீஸுக்குப் புறப்பட்டவன், சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே நின்றேன். எங்கள் வீட்டில் இதற்கு நேர் எதிராகத்தான் சொல்லி வளர்த்தார்கள். வாந்திபேதி கண்டவனுக்குத் தண்ணீர் காட்டாதே, உள்ளே போனால் உயிரையும் சேர்த்து வெளியே கொண்டுவந்துவிடும் என்பாள் என் அம்மா. மலையில் என் இடுப்பில் ஒரு குப்பி நிறையத் தண்ணீர் இருந்தது. தாவூது கேட்டான். நான் கொடுக்கவில்லை. பிழைக்க வேண்டும் என்றுதான் கொடுக்கவில்லை. கம்பவுண்டர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். நானும் ஆபீஸுக்குப் போய் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் புரூப் பார்த்தேன். ஒரு பிழை விடவில்லை. அப்படிப்பட்ட மனுஷனாக ஆகியிருந்தேன்.

இன்னொரு சிந்துக்குப் புரூப் எடுத்துக்கொண்டு நான் ஸ்ரீரங்கம் போக நேர்ந்தது. வரதாச்சாரி வீதி முனையிலேயே என்னை மறித்துவிட்டார். "ஆத்துக்கு வந்துடாதேயும் பாய். அடியேன் பாஷ்யத்துக்கு வியாக்யானம் எழுதிண்டிருக்கறதா அங்க எல்லாரும் நினைச்சுண்டிருக்கா" என்று சொல்லி அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். காவிரியில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். புரூப் பார்த்தபோது கடைசி அடியில் 'வரதன் சொன்ன சிந்து' என்று அவர் பெயர் இருந்தது. "வீட்டுக்கு மறைக்கிறீங்க, இதுல பேரு போட்டுக்கிறீங்களே சாமி. நாளைக்கு யாராச்சும் காட்டிட்டா?" என்று கேட்டேன்.

"அதுக்காகப் பேர் போடாம விட முடியுமா? இத்தனை பேர் செத்ததைப் பாடி ஜனங்களை அழ வச்சுட்டு, சொன்னவன் யாருன்னு சொல்லாம ஓடிப்போனா அது சிந்து இல்லை ஓய், மொட்டைக் கடுதாசி" என்றார்.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. பையில் மடித்து வைத்திருந்த என் காகிதத்தை எடுத்து, செத்தவன் பெண்டாட்டிக்காக யாரோ ஒரு ரங்கூன்காரன் எழுதியது என்று சொல்லிக் காட்டினேன். படித்துப் பார்த்தார். "செத்தவன் இருக்கான். பக்கத்துல இருந்தவன் எங்க? 'அளிக்கப்படாமையால்'னா யார் அளிக்கலை?" என்றவர், கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். குரலை இறக்கி, "ஒண்ணு பண்ணும். அவன் ஆம்படையாள் பேரைச் சொல்லிண்டே உயிரை விட்டான்னு ஒரு அடி போட்டுடும். அந்தப் பொண்ணுக்கு அது ஒரு ஆறுதல்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். பாட்டுக்கு அது சரியாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லி அவளைக் கட்டிப்போட்டவன் நான். அதை அவிழ்க்க வந்து இன்னொரு பொய்யைக் கழுத்தில் போட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த நாள் எழுதினேன். 'ஹலீமா, கேள்' என்று தொடங்கினேன். 'ஸபர் மாதம், செவ்வாய்க்கிழமை. தாவூது கட்டம் போட்ட கைலியும் நீ தைத்துக் கொடுத்த காலர் சட்டையும் போட்டிருந்தான். முதல்நாள் ஒரு பர்மியக் கிழவியிடம் வாங்கிய அவலில் பாதியை எனக்கு எடுத்து வைத்திருந்தான். காலையில் அவனுக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. கூட வந்தவர்கள் தள்ளிப் போய்விட்டார்கள். மூங்கில் புதருக்கு அடியில் அவனைப் படுக்க வைத்தேன். காக்கா, தண்ணி என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. மத்தியானம் கேட்டான். நான் கொடுக்கவில்லை. குப்பியை அவன் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அஸர் தொழுகை நேரத்துக்கு அப்புறம் சத்தம் வரவில்லை, உதடு மட்டும் கேட்டது. நான் கொடுக்கவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபுக்கு முன்னால் இறந்தான். குளிப்பாட்டவில்லை, போர்த்த கஃபன் துணி இல்லை. இலைகளைப் போட்டு மூடிவிட்டு, முன்னே போனவர்களைப் பிடிக்க ஓடினேன். ஒரு மைல் போன பிறகு அந்தக் குப்பித் தண்ணீரை நான் குடித்தேன். இதைச் சொல்கிறவன், அவன் கூடப் பிறந்த இப்ராஹிம்.' எழுதி முடித்துப் பார்த்தபோது 'நான் கொடுக்கவில்லை' என்பது பல்லவியாக வந்து விழுந்திருந்தது. நான் திட்டம் போட்டு வைக்கவில்லை.

ஹலீமாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து அவ்வளவாகப் பழக்கமில்லை. அதனால் நானே படித்துக் காட்ட வேண்டியிருந்தது. லுஹர் தொழுகைக்குப் பிறகு திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தேன். என் குரல் புரூப் படிக்கிற குரல் மாதிரியே இருந்தது. மாமு கதவோரம் நின்று கேட்டார். முடித்துக் காகிதத்தை மடித்தேன்.

"ஸபர் மாசமா மச்சான்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

விரல் விட்டு எண்ணியிருப்பாள் போலிருக்கிறது. "அப்ப ரஜப் மாசம் பொறக்கறதுக்குள்ளயே என் இத்தா முடிஞ்சு போச்சு. நான் சட்டை துவைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். பிறகு, "என் பேரைச் சொன்னாரா?"

சொன்னான் என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். வரதாச்சாரி சொன்ன அடி நாக்கின் நுனிவரை வந்தது. "இல்லம்மா. தண்ணிதான் கேட்டான்" என்றேன்.

"இதை இப்படியே ஜமாஅத்துல படிக்கச் சொல்லுங்க. தண்ணி விஷயத்தை விட்டுட்டுப் படிச்சா எனக்கு இந்தக் காகிதம் வேணாம்" என்றாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. திரைக்கு அடியில் கருகமணியைக் கழற்றி வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஜமாஅத்தில் படித்தார்கள். ஒரு வரி விடாமல் படித்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. தண்ணீர் காட்டாதே என்று எல்லார் வீட்டிலும் அதே பேச்சுத்தானே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். சிலர் மட்டும் அதற்குப் பிறகு என் சலாமுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்கள். ஹலீமாவுக்கும் பொன்மலைக்காரருக்கும் நிக்காஹ் ஆயிற்று. அது முடிந்த வாரம் மாமு என்னைக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கி, "தம்பி, புள்ள வேற வீட்டுக்குப் போயிடுச்சு. நீங்க எந்த முறையில இங்க இருக்கீங்கன்னு ஊர்ல கேக்குறாங்க" என்றார். நியாயம்தான். தாவூதின் அண்ணன் என்ற முறையில் அந்த வீட்டில் சாப்பிட்டேன். தாவூது இறந்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்தவனும் நானேதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அச்சாபீஸ் மாடிக்குப் போனேன். வருத்தமா என்று கேட்டால், அதற்குள் எனக்கு வருத்தம் எப்படியிருக்கும் என்பதே கொஞ்சம் மறந்திருந்தது.

சண்டை ஓய்ந்து ரங்கூனுக்குக் கப்பல் விடத் தொடங்கியதும் பழைய கிடங்கிலிருந்து கடிதம் வந்தது. வந்தால் வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். சொல்லிக்கொண்டு வரலாம் என்று பொன்மலைக்குப் போனேன். ஹலீமாவின் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே குரல் கொடுத்து எனக்கு நாற்காலி போட்டார். ஹலீமா கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை இருந்திருக்க வேண்டும், ஒரு சின்னக் கால் மட்டும் தெரிந்தது. "வாங்க பாய்" என்றாள். முறை மாறிவிட்டது, வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

"ரங்கூனுக்கே போறீங்களாமே. அந்த மலை வழியாவா?"

"இல்லம்மா, கப்பல்ல. மலைப் பக்கமே போக வேண்டியதில்ல."

"அப்ப அவரு அங்க தனியாத்தான் கெடக்கணும்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுக் காப்பி கொண்டுவர உள்ளே போனாள். அவளுக்கு அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போக ஒரு வீடு இருந்தது. அதற்காகத்தான் எழுதினேன். அதில் எனக்குச் சந்தோஷம் என்றே நினைக்கிறேன்.

கிடங்குக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அச்சாபீஸில் ஒரு பழைய தேசப்படம் மாட்டியிருக்கிறது. அதில் ஒரு கையை ரங்கூனிலும் ஒரு கையைத் திருச்சியிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில், பெயர் போடாத பழுப்பு நிறத்தில், அந்த மலை இருக்கிறது. அங்கே போனாலும் இங்கே இருந்தாலும், தாவூதை விட்டுவிட்டு வந்த இடத்துக்கு ஏதாவது ஒரு பக்கத்தில்தான் நான் இருப்பேன்.